பிசிறு எழும்வரை

அன்புள்ள கண்ணு,

நீ போனில் கேட்டதற்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. கை எங்கே இருக்கவேண்டும், கத்தி எவ்வளவு சாய்ந்திருக்கவேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கல்லையும் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்துச் செய்யவேண்டும். அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன்.

தக்காளியை நறுக்கினால் தோல் அறுபடும் முன்பே உள்ளே நசுங்கிவிடுகிறது, கத்தி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இந்தமுறை நல்ல விலையில் ஒன்றாக வாங்கிவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம். விலை கூடிய கத்தி கொஞ்சம் தாமதமாக மழுங்கும், அவ்வளவுதான். மழுங்கிய பிறகு 5,000 ரூபாய்க் கத்தியும் 50 ரூபாய்க் கத்தியும் தக்காளியின்மேல் ஒரே மாதிரிதான் வழுக்கும். உன்னிடம் இருப்பதைத் தீட்டக் கற்றுக்கொள். அது இன்னும் பல வருஷம் உழைக்கும்.

இந்த விஷயத்தில் எனக்கு வெகுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு. மிக்ஸி ஜாரில் பிளேடு மழுங்கினால் உடனே கடையில் கொடுத்து மாற்றுகிறோம். கிரைண்டர் கல் வழவழத்துப் போனால் கொத்தக் கொடுக்கிறோம். தினமும் கையில் பிடித்து வேலை செய்கிற கத்தியை மட்டும் மொண்ணையாகவே விட்டுவைக்கிறோம். ஒரு கிலோ பீன்ஸை மொண்ணைக் கத்தியில் நறுக்குவதன் பாரம் முழுவதும் நறுக்குகிறவளின் மணிக்கட்டில்தான் இறங்குகிறது. அதை அவள் வெளியில் சொல்வதும் இல்லை, வேறு யாரும் கேட்பதும் இல்லை. கேட்டால், "பிள்ளைகள் நடமாடுகிற வீடு, கத்தி ரொம்பக் கூராக இருந்தால் ஆபத்து" என்று ஒரு சமாதானம் வைத்திருப்பார்கள். விஷயம் நேர் எதிரானது. மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் ஓட்டவேண்டியிருக்கிறது. வெங்காயத்தின் வழுக்குத் தோலில் அது ஒருமுறை சறுக்கினால், அழுத்திய பலம் அத்தனையும் விரல்மேல் விழும். கூரான கத்திக்கு அழுத்தமே வேண்டியதில்லை. அது வைத்த இடத்தில் இறங்கும். பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றக் கத்தியை எட்டாத உயரத்தில் வைக்கலாம். மழுங்க வைக்கத் தேவையில்லை.

வெங்காயம் நறுக்கும்போது கண் எரிவதிலும் கத்திக்குப் பங்கு உண்டு. வெங்காயத்தின் செல்கள் உடையும்போது அவற்றுக்குள் தனித்தனியாக இருந்த நொதிகளும் கந்தகச் சேர்மங்களும் ஒன்றுசேர்ந்து, கண்ணைக் கரிக்கும் ஆவி ஒன்று உண்டாகிறது. கூரான கத்தி தான் போகும் வழியில் இருக்கும் செல்களை மட்டும் அறுக்கும். மொண்ணைக் கத்தி அக்கம்பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து நசுக்கும். கொத்தமல்லித் தழையை நறுக்கிய பலகையில் பச்சைச் சாறு தேங்கி நின்றால் அதுவும் இதனால்தான். சாம்பாருக்குப் போகவேண்டிய மணம் பலகையில் போய்விட்டது.

கத்தி எப்படி மழுங்குகிறது என்று தெரிந்துகொண்டால் தீட்டுவது பாதி புரிந்துவிடும். கத்தியின் வெட்டுகிற ஓரத்தை வாய் என்றும், எதிர்ப்பக்கத்துத் தடித்த ஓரத்தை முதுகு என்றும் சொல்லிக்கொள்வோம். வாய்க்கு அருகே இரண்டு பக்கமும் குறுகலான ஒரு சரிவு இருக்கும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரியும். இரண்டு சரிவுகளும் எந்த இடத்தில் சந்திக்கின்றனவோ அதுதான் கூர். பலகையில் படப்பட அந்தச் சந்திப்பு ஒரு பக்கமாக மடங்கும், தேயும், கண்ணுக்குத் தெரியாமல் பொடிப்பொடியாக உதிரும். மென்மையான பொருள்கூட எஃகை உதிர்க்கும் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் சவரப் பிளேடை வைத்துக் காட்டினார்கள். தலைமுடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைந்து மோதினால் பிளேடின் விளிம்பில் நுண்ணிய சில்லுகள் பெயர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். முடிக்கே அப்படியென்றால் பலகைக்கும் எலும்புக்கும் கேட்கவேண்டாம். ஆக, கத்தி மழுங்குவது கத்தியின் குற்றமோ உன் குற்றமோ இல்லை. அது உபயோகத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

மழுங்கிய கத்தியில் அந்த இரண்டு சரிவுகளும் சரியாகச் சந்திப்பதில்லை. நடுவில் ஓர் உருண்ட மேடு நிற்கிறது. இரண்டு பக்கமும் கல்லில் தேய்த்து, சரிவுகளை மறுபடி சந்திக்க வைப்பதுதான் தீட்டுதல். இதைத் தாண்டி இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இனி கல். சென்னையில் இருக்கிறாய், ஆகவே தேடி அலையவேண்டியதில்லை. பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் கார்பரண்டம் கல் கொடுப்பார்கள். 8 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ளதாக வாங்கு. அதைவிடச் சிறியதை வாங்காதே. பழகுகிற கைக்கு நீளமான கல் வேண்டும். ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும். அது சிலிக்கன் கார்பைடு. எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கர் 1891இல் செயற்கை வைரம் செய்யப் பார்த்து, களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் காய்ச்சியபோது தற்செயலாகக் கிடைத்த பொருள். வைரம் கிடைக்கவில்லை என்றாலும் வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் கடினம் கிடைத்தது. நம் ஊரிலும் இந்தத் தொழிலுக்கு வேர் உண்டு. முருகப்பா குழுமம் 1954இல் அமெரிக்க, இங்கிலாந்து நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய கார்பரண்டம் யுனிவர்சலுக்குத் திருவொற்றியூரில் ஆலை இருக்கிறது.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடியுமானால் ஜப்பானிய முறையில் செய்த நீர்க்கல் வாங்கலாம். அதில் எண் போட்டிருக்கும். எண் ஏற ஏறக் கல் நைசாகும். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 என்றிருந்தால் வீட்டுக்கு அதுவே நிறைவு. 1000 மட்டும் இருந்தால்கூடப் போதும். தக்காளித் தோலைப் பிடித்து அறுக்க வாயில் நுண்ணிய சொரசொரப்பு கொஞ்சம் இருக்கவேண்டும். கண்ணாடிபோல் மெருகேற்றிய வாய் சில சமயம் அந்தத் தோலில் சறுக்கவும் செய்யும்.

நீர்க்கல்லைத் தண்ணீரில் போட்டுக் குமிழி வருவது நிற்கும்வரை, அதாவது ஒரு 10, 15 நிமிஷம், ஊறவிடு. கார்பரண்டம் கல்லையும் தண்ணீர் விட்டே உபயோகிக்கலாம். எண்ணெய்தான் வேண்டும் என்றால் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் நல்லது. சமையல் எண்ணெயை ஒருபோதும் ஊற்றாதே. அது நாளாக ஆகப் பிசினாக இறுகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். ஒருமுறை எண்ணெய் கண்ட கல் பிறகு தண்ணீர் குடிக்காது என்பதால் முதலிலேயே ஒன்றைத் தீர்மானித்துக்கொள். நான் தண்ணீர்தான் சொல்வேன். கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது.

கடையில் வி வடிவப் பிளவு வைத்த சின்னக் கருவி ஒன்றும் காட்டுவார்கள். அதில் கத்தியை நான்கு தரம் இழுத்தால் கூராகும் என்பார்கள். கொஞ்ச நாளைக்கு ஆகும்தான். ஆனால் அது எஃகைத் தேவைக்கு மேல் சுரண்டி எடுத்து, வாயைப் பிறாண்டி விட்டுவிடும். அந்தக் காசைக் கல்லில் போடு. கல் வாங்க இன்னும் நாளாகும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாள் கிடைக்கும். 400 எண் ஒன்று, 1000 எண் ஒன்று வாங்கி, கண்ணாடித் துண்டின்மேல் நனைத்து ஒட்டவைத்துத் தீட்டலாம். தாளில் மட்டும் வாய் முன்னால் போகும்படி தள்ளக்கூடாது, தாள் கிழியும். முதுகு முன்னே போகும்படி இழுக்கவேண்டும்.

உன் டிராயரில் இருக்கும் எல்லாக் கத்தியையும் கல்லுக்குக் கொண்டுவராதே. ரொட்டி வெட்டும் பல்வைத்த கத்திக்கு இந்தக் கல் ஆகாது. வெள்ளை நிறப் பீங்கான் கத்தி இந்தக் கல்லில் முரண்டு பிடிக்கும். அதற்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். மற்ற எவர்சில்வர் கத்திகள் எல்லாம் சரி.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். ஓர் ஈரத்துணியை மேடையில் விரித்து, அதன்மேல் கல்லைக் கரடுப் பக்கம் மேலே இருக்கும்படி வை. கல் அசைந்தால் கை வெட்டுப்படும், அதனால் இதை மட்டும் சோம்பாமல் செய். கல் உனக்கு நேராக நீளவாட்டில் இருக்கட்டும்.

எல்லாரும் பயப்படுவது கோணத்துக்கு. அதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், மனத்தில் நிற்கும். கத்தியின் வாயிலிருந்து முதுகுவரை உள்ள அகலத்தை ஸ்கேல் வைத்து அள. அந்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் ஏறத்தாழ 20 டிகிரி வரும். கால் பங்கு தூக்கினால் ஏறத்தாழ 15 டிகிரி. நீ பள்ளியில் படித்த சைன் கணக்குதான் இது. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண எவர்சில்வர் கத்திக்கு மூன்றில் ஒரு பங்கே சரி. உன் கத்தி 3 செ.மீ. அகலம் என்றால் முதுகு 1 செ.மீ. உயரத்தில் நிற்கவேண்டும். அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, கல்லின் ஓரத்தில் வைத்து, முதுகை அதன்மேல் சாய்த்துப் பார். அந்தச் சாய்வைக் கை உணர்ந்ததும் நாணயங்களை எடுத்துவிடு. கால் பங்குச் சாய்வு ஜப்பானியக் கத்திபோல் கடினமான எஃகுக்கு. மென்மையான எஃகை அவ்வளவு மெலிதாக்கினால் அது சீக்கிரம் மடங்கிவிடும்.

20 டிகிரி என்பது 18 ஆகவோ 22 ஆகவோ இருந்தால் குடி முழுகாது. கல்லின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கத்தி போகும்போது அந்தச் சாய்வு மாறாமல் இருப்பதுதான் முக்கியம். புதிதாகப் பழகுகிறவர்கள் கத்தியைத் தள்ளும்போது மணிக்கட்டையும் சேர்த்து ஆட்டுவார்கள். சரிவு உருண்டுபோகும், கூர் வராது. மணிக்கட்டைக் கட்டிப்போட்டதுபோல் வைத்துக்கொண்டு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் அசை. நீ செய்வது சரியா என்று பார்க்க, இரண்டு சரிவின்மேலும் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசிவிடு. கல்லில் நாலைந்து தரம் தேய்த்துவிட்டு எடுத்துப் பார். வாயை ஒட்டிய மை மட்டும் அப்படியே இருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்கவேண்டும். வாயோரத்தில் மட்டும் அழிந்து மேலே இருந்தால் அதிகமாகத் தூக்கிவிட்டாய். சரிவு முழுக்க ஒரே சீராக அழிந்திருந்தால் அந்தக் கைநிலையை விடாதே. பழகுகிற காலத்தில் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லாதவர்களுக்கு இந்த மைதான் குரு.

வலது கையால் பிடியைப் பிடி. ஆள்காட்டி விரல் முதுகின்மேல் இருக்கட்டும். வாய் உன்னைப் பார்த்திருக்கவேண்டும். இடது கையின் இரண்டு மூன்று விரல்களைக் கத்தியின் தட்டையான பகுதியில், கல்லில் எந்த இடம் படுகிறதோ அந்த இடத்துக்கு நேர்மேலே வை. விரல் நுனி வாயைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது. முன்னும் பின்னுமாகத் தேய். எவ்வளவு அழுத்துவது என்று சந்தேகம் வந்தால் சமையலறைத் தராசின்மேல் விரல்களை வைத்து அழுத்திப் பார். ஒரு கிலோ காட்டினால் அது போதும். பிடிக்கு அருகில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நுனிக்குப் போ. நுனி வளைந்திருக்கும் இடத்தில் பிடியை லேசாக உயர்த்தினால்தான் வாய் கல்லில் படும். நம் வீட்டுக் கத்திகளில் நடுப்பகுதி கூராகவும் நுனி மொண்ணையாகவும் இருப்பதற்கு அந்த இடத்தில் பிடியை உயர்த்தாததுதான் காரணம்.

தேய்க்கத் தேய்க்கக் கல்லின்மேல் சாம்பல் நிறச் சேறு ஊறும். அதைக் கழுவிவிடாதே. கல்லிலிருந்து உதிர்ந்த துகள்களும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. காய்ந்துபோனால் மட்டும் சில சொட்டுத் தண்ணீர் தெளி.

எத்தனை தரம் தேய்ப்பது என்று கேட்பாய். இந்தக் கடிதத்தில் நீ வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. எண்ணிக்கை கிடையாது. பிசிறு எழும்வரை தேய்க்கவேண்டும்.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் அந்தப் பக்கத்துச் சரிவு எதிர்ச் சரிவை ஒரு கட்டத்தில் எட்டிவிடும். அதற்குமேல் தேய்க்கும்போது வாயோரத்து எஃகு போக இடமில்லாமல் முடியைவிட மெல்லிய ஓர் உதடாக எதிர்ப்பக்கம் மடிந்து நிற்கும். அதுதான் பிசிறு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நீ தேய்க்காத பக்கத்தில், கட்டைவிரல் சதையை முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி வைத்து, வாயைத் தாண்டி வெளியே வழுக்கிவிடு. சட்டென்று எதிலோ மாட்டியதுபோல் உணர்ந்தால் பிசிறு வந்துவிட்டது. வாயின் நீளத்தில் விரலை ஓட்டாதே. அப்படி ஓட்டினால் அறுக்கும். விரலை வைக்கவே பயமாக இருந்தால் கொஞ்சம் பஞ்சை எடுத்து அதே மாதிரி இழுத்துப் பார். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டி நிற்கும்.

பிடியோரம் தொடங்கி நுனிவரை ஓர் இடம் விடாமல் பிசிறு இருக்கவேண்டும். நடுவில் ஒரு விரற்கடை இல்லையென்றால் அந்த இடத்தில் இரண்டு சரிவுகளும் இன்னும் சந்திக்கவில்லை என்று பொருள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் தேய். முதல் தடவை, வெகுநாள் மழுங்கிக் கிடந்த கத்திக்கு, ஒரு பக்கத்துக்கே 10 நிமிஷம் ஆனாலும் ஆகும். "இவ்வளவு தேய்த்தாயிற்றே, அடுத்த பக்கம் போகலாம்" என்று மனம் சொல்லும். போகாதே. கத்தி தீட்டத் தெரியாது என்று சொல்லிக் கைவிட்டவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில், பிசிறுக்கு இரண்டு நிமிஷம் முன்னால், கல்லை எடுத்து வைத்தவர்கள். கல் மட்டமாக இருந்தாலும் கத்தி மலிவாக இருந்தாலும் பிசிறுவரை பொறுத்தவளுக்குக் கூர் வந்தே தீரும்.

ஒரு பக்கம் முழுக்கப் பிசிறு கண்டபிறகு கத்தியைத் திருப்பு. இப்போது இடது கையால் பிடிக்கலாம், அல்லது அதே கையில் வாய் வெளியே பார்க்கும்படி வைத்துக்கொண்டு தேய்க்கலாம், எது வசதியோ அது. பிசிறு எதிர்ப்பக்கம் தாவும்வரை தேய். பிறகு கல்லின் நைசுப் பக்கத்துக்கு மாறு. நைசுப் பக்கத்தில் அழுத்தம் பாதிக்கும் கீழே குறையட்டும்.

பிசிறை அப்படியே விட்டுவிட்டால் கத்தி அன்றைக்கு மட்டும் அற்புதமாக வெட்டும். மறுநாள் அந்த மெல்லிய உதடு மடங்கி, பழையபடி மொண்ணையாகத் தோன்றும். ஆகவே அதை மெதுவாகக் கழற்றவேண்டும். கத்தியின் எடை மட்டும் கல்லில் படும்படி, வாய் முன்னே போகிறமாதிரி, கல்லைச் சீவி எடுப்பதுபோல் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை என்று மாற்றி மாற்றிச் செய். ஒவ்வொரு சுற்றுக்கும் அழுத்தம் குறைந்துகொண்டே வரவேண்டும். கடைசியில் இரண்டு பக்கமும் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. அதன்பின் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போகும்படி, பக்கத்துக்குப் பத்துத் தடவை இழு. முடிதிருத்தும் கடைகளில் சவரக் கத்தியைத் தோல் வாரில் இழுப்பதும் இதற்குத்தான். தோல் இல்லையென்றால் செய்தித்தாளை நான்காக மடித்துக் கல்லின்மேல் சுற்றி அதில் இழுத்தாலும் ஓரளவு பலன் இருக்கும்.

சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, செய்தித்தாளின் ஒரு பக்கத்தைத் தொங்கவிட்டுப் பிடித்து, அதன் ஓரத்தில் கத்தியை வைத்துக் கீழே இழு. சத்தமில்லாமல் போனால் நன்று. எங்காவது மாட்டிக் கிழிந்தால் கத்தியின் எந்த இடம் மாட்டியது என்று பார்த்து அங்கே மட்டும் திரும்பக் கவனி. அப்புறம் உன் தக்காளி. கத்தியை அதன்மேல் வைத்து, கீழே அழுத்தாமல், பின்னால் மட்டும் இழு. தோல் தானாகத் திறக்கும்.

கல்லையும் பார்த்துக்கொள். தேயத்தேய அதன் நடுவில் குழி விழும். குழி விழுந்த கல்லில் சாய்வு நிலைக்காது. தரையில் தட்டையான ஒரு டைல்ஸ் துண்டை வைத்து, அதன்மேல் கரடான உப்புத்தாளை நனைத்துப் பரப்பி, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்துச் சமன்செய்துவிடு. கல்மேல் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டால், கோடுகள் எல்லாம் அழிகிறபோது கல் சமமாகிவிட்டது என்று தெரியும்.

பாட்டி வாசற்படிக் கல்லிலும் அம்மியின் பக்கவாட்டிலும் கத்தியைத் தேய்த்ததை நீ பார்த்திருப்பாய். அது மூடப்பழக்கம் இல்லை. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் கத்தி எஃகைவிடக் கடினமானது. காபி மக்கின் அடியில் மெருகு பூசாத வளையம் இருக்கும் பார், அதுவும் அவசரத்துக்கு உதவும். அதே காரணத்தால்தான் சமையல் மேடையின் கிரானைட்டில் வைத்துக் காய் நறுக்கக்கூடாது. சாய்த்துத் தேய்த்தால் கூர் கொடுக்கும் கல், நேராக மோதினால் கூரைப் பறித்துவிடும். எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்குவதும் அப்படியே. உன் கத்தி ஒரு வருஷத்துக்குள் இப்படி ஆனதற்கு நீ தட்டில் வைத்து நறுக்குவதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மரப்பலகை ஒன்று வாங்கிக்கொள். நறுக்கியதைப் பலகையிலிருந்து வழிக்கும்போது கத்தியின் வாயால் சுரண்டாமல், திருப்பி முதுகால் வழி. சிங்க்கில் மற்ற பாத்திரங்களோடு போட்டு வைக்காதே. வாயும் கெடும், நுரைக்குள் கைவிட்டுத் துழாவுகிறவர் விரலும் போகும். கழுவி, துடைத்து, தனியாக வை. இப்படிப் பார்த்துக்கொண்டால் கரடுப் பக்கத்துக்கு வருஷத்தில் ஓரிரு தடவைதான் வேலை. மற்ற நாளெல்லாம் நைசுப் பக்கத்தில் சில நிமிஷம் போதும்.

அரிவாள்மணையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊருக்கு வரும்போது அதைத்தான் நீ எடுப்பாய். அதில் கத்தியைக் கல்லுக்குக் கொண்டுபோக முடியாது, கல்தான் கத்தியிடம் வரவேண்டும். வாய் உனக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி மணையைத் திருப்பி வைத்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, கைக்கு அடக்கமான கல்லை எடுத்து, சரிவு இருக்கும் பக்கத்தில் படியவைத்துக் கீழிருந்து நுனிவரை ஓட்டு. விரல்கள் கல்லின் பின்பக்கமே இருக்கவேண்டும். பிசிறு கணக்கு இதற்கும் அதேதான். பழைய அரிவாள்மணைகள் கார்பன் எஃகு. ஹாரி பிரியர்லி 1913இல் ஷெஃபீல்டில் குரோமியம் கலந்து துருப்பிடிக்காத எஃகை வார்ப்பதற்கு முன் உலகத்துக் கத்திகள் பெரும்பாலும் அந்த ஜாதிதான். வாழைப்பூ நறுக்கினால் கறுக்கும், புளி பட்டால் கறை பிடிக்கும், ஈரத்தோடு விட்டால் ராத்திரிக்குள் துரு ஏறும். ஆனால் அது கல்லில் கூர் ஏறுகிற வேகம் எவர்சில்வருக்கு வராது. நறுக்கி முடித்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெயை ஒரு சொட்டு விரலில் தொட்டுத் தடவிவிட்டால் அதுவே அதற்குப் பாதுகாப்பு.

தெருவில் சைக்கிளில் சாணைச் சக்கரம் கட்டி வருகிறவரை நீ மறந்துவிடக் கூடாது. வாயில் பெரிய பல் விழுந்த கத்தியையும், நுனி உடைந்ததையும், கத்திரிக்கோலையும் அவரிடம் கொடு. கையால் அரைநாள் தேய்க்கவேண்டியதை அவர் சக்கரத்தில் சில நிமிஷத்தில் சரிசெய்வார். சக்கரத்தில் ஓர் ஆபத்து, சூடு. கார்பன் எஃகு 230 டிகிரி அளவில் வைக்கோல் நிறம் காட்டும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம் பாரிக்கும். நீலம் வந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது, அங்கே இனிக் கூர் நிற்காது. தொழில் தெரிந்தவர் கத்தியை விட்டு விட்டுச் சக்கரத்தில் கொடுப்பார், அடிக்கடி தண்ணீரில் முக்குவார். அப்படிச் செய்கிறவர் கிடைத்தால் பேரம் பேசாமல் கேட்டதைக் கொடு. அவர் கையிலிருந்து வந்த கத்தியை நீ நைசுக் கல்லில் ஒருமுறை ஓட்டிப் பிசிறெடுத்துவிட்டால், அதைவிடக் கூர் எங்கேயும் கிடையாது.

ஆயுதபூஜைக்கு நீ ஊருக்கு வருவாய் என்று உன் அப்பா சொன்னான். கல்லை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு வா. கத்திக்கும் அரிவாள்மணைக்கும் சந்தனம் வைப்பதற்கு முதல் நாள் சாயங்காலம், உன் அம்மாவின் கத்தி இரண்டையும் நீயே உட்கார்ந்து தீட்டிக் கொடு. கொடுக்கும்போது, "அம்மா, தீட்டியிருக்கிறேன், அழுத்தாமல் நறுக்கு" என்று சொல்லியே கொடு. அவள் கை வருஷக்கணக்காக மொண்ணைக் கத்தியை அழுத்திப் பழகிய கை. சொல்லாமல் கொடுத்தால் அந்தப் பழக்கத்தில் அழுத்தி விரலை வெட்டிக்கொள்வாள்.

அன்புடன்,
அத்தை